‘1849 முதல்’ என்று லேபிளில் போட்டிருந்தால்…

கேள்வி: ஓய்வு பெறப் போகும் என் மேலாளருக்கு ஒரு ஒயின் பாட்டில் பரிசளிக்க நினைக்கிறேன். கடைக்காரர் ஆஸ்திரேலியாவின் யலும்பா நிறுவன ஒயினைக் காட்டி, “1849-இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது” என்றார். நம்பலாமா? அதே பெயரில் மலிவானதும் உண்டு, பல மடங்கு விலையுள்ளதும் உண்டு. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நம்பலாம். இங்கிலாந்தில் பீர் வடிப்பவராக இருந்த சாமுவேல் ஸ்மித், தெற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறி, 1849-இல் பரோசா பகுதியின் ஆங்காஸ்டன் அருகே 30 ஏக்கர் வாங்கினார். பகலெல்லாம் பிறரிடம் வேலை பார்த்துவிட்டு, நிலா வெளிச்சத்தில் மகனோடு திராட்சைக் கொடி நட்டார் என்று சொல்வார்கள். அப்புறம் விக்டோரியாவின் தங்க வயல்களுக்குப் போய், கிடைத்த பணத்தில் நிலத்தைப் பெருக்கினார். 1989-இல் அவர் வழிவந்த ராபர்ட் ஹில்-ஸ்மித்தும் சகோதரர் சாமும் மற்ற உறவினர்களின் பங்குகளை வாங்கிக்கொண்டார்கள். குடும்பத் தொழில்கள் பங்காளிகள் பெருகும்போதுதான் கைமாறும். யலும்பா அதைத் தாண்டி வந்தது பெரிய விஷயம்.

பழைய ஆண்டு போட்ட எல்லா லேபிளையும் இப்படி நம்ப வேண்டாம். பென்ஃபோல்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஒயின் நிறுவனம் இன்னும் பழையது, 1844. ஆனால் 1976-லேயே அது ஒரு சிட்னி மதுபான நிறுவனத்திடம் போய்விட்டது. இன்று ட்ரெஷரி ஒயின் எஸ்டேட்ஸின் சொத்து. அதனால் தரம் குறைந்தது என்றில்லை, அதன் கிரேஞ்ச் என்ற ஒயின் உலகப் புகழ் பெற்றது. ‘குடும்பம்’ என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் திராட்சை எங்கே விளைந்தது என்பது. யலும்பாவின் மலிவான ஒய் சீரிஸில் ‘சவுத் ஆஸ்திரேலியா’ என்றிருக்கும். அதாவது, மாநிலத்தில் எங்கு விளைந்த பழமாகவும் இருக்கலாம். ‘பரோசா’ என்று போட்டால் சட்டப்படி குறைந்தது 85 சதவீதம் அங்கு விளைந்திருக்க வேண்டும். திராட்சை வகைக்கும் அறுவடை ஆண்டுக்கும் இதே 85 சதவீத விதிதான். ‘பரோசா’ என்றால் பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கும் சேர்த்தி. ‘பரோசா வேலி’ என்றால் அது சேராது.

‘ஓல்டு வைன்’ (old vine, அதாவது பழைய கொடி) என்பதையும் கவனியுங்கள். பரோசாவில் 2009-இல் வந்த சாசனப்படி அந்தப் பெயருக்குக் கொடிக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், ‘சென்டினேரியன்’ என்றால் 100. அது சட்டமல்ல, அந்த வட்டாரத்தின் ஏற்பாடு.

உங்கள் மேலாளருக்கு நான் சொல்வது: பரோசா பெயரும் அறுவடை ஆண்டும் உள்ள நடுத்தர விலை ஷிராஸ் (ஷிராஸ் என்ற கருந்திராட்சை வகையில் செய்த சிவப்பு ஒயின்). அதற்கு மேல் விலை கொடுப்பதானால், கொடியின் வயது லேபிளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.