செக்யூரிட்டி, ஷூரிட்டி, ஜாமீன்: கேள்வி பதில்

'செக்யூரிட்டி' என்ற சொல்லைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவை இவை. சொல் எங்கே பிறந்தது, பொருள் எப்படி மாறியது என்பது வரைக்கும்தான் என் எல்லை. எந்தக் கேமரா நல்ல கேமரா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

பாளையங்கோட்டை: செக்யூரிட்டி என்றால் பாதுகாப்பு. இதில் ஆராய என்ன இருக்கிறது அண்ணாச்சி?

நிறைய இருக்கிறது. லத்தீனில் 'ஸே' என்றால் இல்லாமல், 'கூரா' என்றால் கவலை, அக்கறை. இரண்டும் சேர்ந்து 'ஸெகூருஸ்', அதாவது கவலையற்றவன். ஆபத்து இல்லை என்பதல்ல, ஆபத்தைப் பற்றிய நினைப்பு இல்லை என்பதுதான் பழைய பொருள். அதனால் ஒரு காலத்தில் இது திட்டும் சொல்லாகவே இருந்தது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தில் ஹெக்கட்டி என்ற சூனியத் தெய்வம், மனிதருக்குப் பெரும் பகை செக்யூரிட்டிதான் என்கிறாள். அங்கே அதற்கு மெத்தனம் என்று பொருள். 1517-ல் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதிய 95 வாதங்களில் கடைசி வாதமும் லத்தீனில் இதே சொல்லை இப்படித்தான் கையாள்கிறது: அமைதி இருக்கிறது என்று மெத்தனமாக இருந்துவிடாமல், துன்பங்களின் வழியாகச் சொர்க்கம் போக நம்பிக்கை கொள்ளுங்கள் என்று. இன்றைக்கு அதே சொல்லைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒருவர் கேட்டில் நிற்கிறார்.

கே.டி.சி. நகர்: எங்கள் குடியிருப்பின் செக்யூரிட்டி ராத்திரி நாற்காலியில் தூங்குகிறார். இதற்கும் ஏதாவது வேர் சொல்வீர்களோ?

சொல்லலாமே. ரோமானியர்கள் ஸெகூரிட்டாஸைத் தெய்வமாக்கி நாணயத்தில் பொறித்தார்கள். நீரோ மன்னன் காலத்துக் காசில் அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கையில் சாய்த்துக்கொண்டு, நிம்மதியாக இருக்கிறாள். உங்கள் செக்யூரிட்டி அண்ணாச்சி சொல்லின் பழைய பொருளுக்கு விசுவாசமாக இருக்கிறார். அப்புறம், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு ஒரே ஆளைப் போட்டிருந்தால் குறையை அவரிடம் தேடாதீர்கள்.

அம்பாசமுத்திரம்: சீட்டு எடுக்கப் போனால் ஷூரிட்டி கேட்கிறார்கள். அதுவும் செக்யூரிட்டியும் ஒன்றா?

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீன் 'ஸெகூருஸ்' பிரெஞ்சுக்காரர் வாயில் பல நூற்றாண்டு உருண்டு, நடுவில் இருந்த 'க' தேய்ந்து போய், ஆங்கிலத்தில் 'ஷ்யூர்' ஆனது. ஷூரிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அந்தத் தேய்ந்த கிளை. பின்னால் படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து நேராக எடுத்துக்கொண்டது செக்யூர், செக்யூரிட்டி.

இன்றைய வழக்கில் ஷூரிட்டி என்பது ஆள், அதாவது பிணை நிற்பவர். செக்யூரிட்டி என்பது பொருள்: நகை, வீட்டுப் பத்திரம், நாம் 'ஈடு' என்கிறோமே அது. ஆளைப் பிடிப்பது ஒன்று, பொருளைப் பிடித்து வைப்பது இன்னொன்று.

ஒரு எச்சரிக்கை, கேட்காமலே சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், கடன் வாங்கியவர் எவ்வளவுக்குப் பொறுப்போ, பிணை நின்றவரும் அவ்வளவுக்கும் பொறுப்பு. 'சும்மா ஒரு கையெழுத்துதானே மாப்பிள்ளை' என்று எவர் சொன்னாலும் தாளைப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

களக்காடு: நம் ஊர்க் காவலுக்கும் இந்தச் செக்யூரிட்டிக்கும் ஒப்பிட ஏதாவது உண்டா?

உண்டு. முந்தைய பதிலை எழுதும்போதே இதுதான் மனதில் ஓடியது. திருநெல்வேலிச் சீமையில் கிராம அளவில் ஸ்தலகாவல், பாளையக்காரர் கையில் தேசகாவல் என்று இரண்டு இருந்தன. காவலுக்கென்று ஊர் கூலியோ தானியமோ கொடுக்கும். அதற்கு ஈடாக, மாடு களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் அதன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஆக, கம்போடு நிற்பவரும் அவரே, நஷ்டத்துக்குப் பிணையும் அவரே. ஆங்கிலம் இரண்டு சொல்லாகப் பிரித்துக்கொண்டதை இங்கே ஒரே ஆள் சுமந்தார். இன்றைய ஏஜென்சி ஆளிடம் போய் 'பைக் களவு போச்சு, காசைக் கொடும்' என்று கேட்டுப் பாருங்கள்!

இந்த ஏற்பாட்டைப் புனிதமாக்கவும் வேண்டாம். காவல் கூலி மிரட்டிப் பறிப்பதாக மாறிய ஊர்களும் உண்டு. களவு போன மாட்டை மீட்கத் 'துப்புக்கூலி' கொடுக்க வேண்டியிருந்தது, அதில் களவாண்டவருக்கே பங்கு போனதும் உண்டு. 1801-ல் பாளையங்களை அடக்கிய பிறகு கிழக்கிந்தியக் கும்பினி தேசகாவலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

தாழையூத்து: க்யூர், செக்யூர்: ஒலி ஒன்றுபோல இருக்கிறது. உறவா?

உறவுதான். 'கூரா'வின் பிள்ளைகள். அக்யூரேட், மேனிக்யூர், மியூசியத்து க்யூரேட்டர் எல்லாமே அந்தக் குடும்பம். ஆனால் உங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒலி ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்லாதீர்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-ல் ஒப்பிலக்கணம் வெளியிட்டபோதே, மாற்றங்கள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்றுதான் பார்த்தார்.

சிவகிரி: ஜாமீன் என்பதும் செக்யூரிட்டிதானே. ஜமீன்தார்கள் ஜாமீன் கொடுத்து ஆளை வெளியே எடுத்ததால் வந்த சொல்.

இல்லை. மேலே இப்போதுதான் எச்சரித்தேன்.

சிவகிரி (மறுபடியும்): எங்கள் ஊரே ஜமீன் ஊர். தாத்தா காலத்துப் பேச்சு இது. ஜமீன்தார், ஜாமீன்தார் என்று இரண்டிலும் 'தார்' வருகிறதே, பார்க்கவில்லையா?

பார்த்தேன். 'தார்' பாரசீகம், வைத்திருப்பவர் என்று பொருள். தாசில்தாரிலும் ஹவில்தாரிலும்கூட இருக்கிறது. அவர்கள் இருவரும் அண்ணன் தம்பியா? ஜமீன் என்பது பாரசீகத்தில் நிலம். ஜாமீன் என்பது அரபியில் பொறுப்பேற்பவர்.

மேலப்பாளையம்: நான் மதரசாவில் ஓதியவன், ஒன்று சேர்க்கலாமா? ஜாமீனில் இருப்பது 'ளாத்' எழுத்து. ஜமீனில் 'ஸே'. எழுதினாலே வேறுவேறு.

வாங்க அண்ணாச்சி, நல்ல நேரத்தில் வந்தீர்கள். இதைக் கொஞ்சம் விரிக்கிறேன். 'ளாத்' என்ற அரபி எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ஓதும்போது 'ள' என்கிறார்கள், அதனால் 'ரமளான்'. பாரசீகரும் உருதுக்காரரும் அதே எழுத்தை 'ஸ்'ஸை அதிரவிட்டுச் சொல்கிறார்கள், அந்த வழியாக நமக்கு வந்தது 'ரம்ஜான்'. ஒரே மாதம், இரண்டு பாதை. ஜாமீனில் இருப்பதும் ரம்ஜானின் அந்த 'ஜ'தான். கச்சேரி மொழியாக, அதாவது அரசு அலுவலக மொழியாக, பாரசீகம் இருந்த காலத்தில் வந்தது. ஜமீனின் 'ஜ' பிறவியிலேயே பாரசீகம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டதால் வந்த குழப்பம் இது.

சிவகிரி: இருந்தாலும் ஜமீன்தார் ஜாமீன் கொடுத்தது உண்மைதானே?

கொடுத்திருப்பார். பொற்கொல்லரும் கொடுத்திருப்பார்.

வண்ணாரப்பேட்டை: ஷேரை ஏன் செக்யூரிட்டீஸ் என்கிறார்கள்? அதில் பாதுகாப்பே இல்லையே.

கடனுக்கு ஈடாகக் கொடுத்த பத்திரத்துக்கு முதலில் அந்தப் பெயர். பிறகு விற்று வாங்கும் எல்லாப் பத்திரத்துக்கும் பரவிவிட்டது. பேரை நம்பிக் காசைப் போடாதீர்கள்.

தச்சநல்லூர்: வீட்டு அட்வான்ஸ்தானே செக்யூரிட்டி டெபாசிட்? பத்து மாத வாடகை கேட்கிறார்கள்.

அதேதான். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. மீதியை வக்கீலிடம் கேளுங்கள். இங்கேயும் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்து.

பேட்டை: செக்யூரிட்டி என்றால் பாதுகாப்புதானே?

முதல் பதில்.

ஏர்வாடி: செக்யூரிட்டிக்குச் சரியான பொருள் என்ன அண்ணாச்சி?

முதல் பதில். மேலே.

வள்ளியூர்: சுடலைமாடனும் செக்யூரிட்டிதானே?

கொடைக்குப் போய் வில்லுப்பாட்டுக்காரரிடம் கேளுங்கள். எனக்கு அவரோடு வம்பு வேண்டாம்.

நாங்குநேரி: பெயில் என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து?

லத்தீனில் 'பாயுலாரே', சுமை தூக்குவது. பிரெஞ்சு வழியாக, ஒருவரைப் பொறுப்பில் ஒப்படைப்பது என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. கோர்ட்டு பெய்லிஃபும் அதே வீட்டுக்காரர்.

சிவகிரி: அப்படியானால் சுமை தூக்கியது ஜமீன்தார்...

வே, போதும்.