சேலத்தில் முதல் ஏர் கன்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

கேள்வி: சேலத்தில் வீடு, ஏற்காட்டில் சித்தப்பாவுக்கு ஒரு சின்னக் காப்பித் தோட்டம். ஏர்சாஃப்ட் துப்பாக்கி ஒன்று வாங்க ஆசை. இதுவரை தொட்டுப் பழக்கம் இல்லை. பதினைந்தாயிரம் வரை செலவழிக்கலாம். முதல் துப்பாக்கியாக எதை வாங்குவது?

பதில்:

நீங்கள் கேட்கும் ஏர்சாஃப்ட் ஒன்று, கடையில் கேட்டால் எடுத்து வைக்கப்போவது வேறொன்று. இரண்டையும் "ஏர் கன்" என்றே விற்கிறார்கள் என்பதால் முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏர்சாஃப்ட் என்பது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு. எடை பெரும்பாலும் 0.20 கிராமிலிருந்து 0.30 கிராம் வரை, ஆற்றல் ஒரு ஜூலைச் சுற்றி. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஆளை ஆள் சுட்டு விளையாடவே செய்தது. ஏர் ரைஃபிள் என்பது 4.5 மி.மீ. ஈயக் குண்டு, அதாவது .177 அங்குலம். ஆற்றல் பத்து ஜூலுக்கு மேலும் போகும். இது ஆள் மேல் பட்டால் தோலைக் கிழித்து உள்ளே இறங்கும், கண்ணில் பட்டால் பார்வை போனது போனதுதான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் பலூன் சுடும் கடையில் பிடித்திருப்பீர்களே, அது இந்த இரண்டாவது ஜாதி.

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்றால், 2016 ஆயுத விதிகளின்படி துளை 4.5 மி.மீ.க்கு மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், வலுக் குறைந்த ஏர்சாஃப்ட்தான் இங்கே மாட்டிக்கொள்கிறது. ஆற்றல் ஒரு ஜூல்தான், ஆனால் குழாய் 6 மி.மீ. அந்த விலக்கின் அளவுக்குள் அது வராது. வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போட்டுச் சுங்கத்தில் பொருளையும் பணத்தையும் தொலைக்கும் வேலை வேண்டாம். ஏற்காடு ஏரிக்கரைக் கடைகளில் தொங்கும் மஞ்சள் குண்டுத் துப்பாக்கி பொம்மை, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதுவும் கண்ணைக் கெடுக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

ஆக, உங்களுக்குச் சரிப்படுவது .177 ஏர் ரைஃபிள். ஆளை ஆள் சுடும் விளையாட்டு இதில் கிடையவே கிடையாது. காகிதத்தில் குறி வைத்துச் சுடுவது, அவ்வளவுதான். அது பிடிக்காது என்றால் வாங்காதீர்கள்.

துப்பாக்கியைப் பார்க்கும் முன் சுடும் இடத்தைப் பாருங்கள். பத்து மீட்டர் நீளம் போதும், ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் சுடுவதே அந்தத் தூரத்தில்தான். ஆனால் குறி தவறிய .177 குண்டு 300 மீட்டருக்கு மேலும் பறக்கும். அம்மாபேட்டை, குகை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம். அதன் மேல் குறி அட்டையை நிறுத்திச் சுட்டால் தவறிய குண்டு அடுத்த வீட்டுத் துணிக்கொடிக்குத்தான் போகும். குறி கைப்பிடிச் சுவரைவிடத் தாழ இருக்க வேண்டும், பின்னால் முழுச் சுவர் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் கதவோ மாடிப்படியோ இருக்கக் கூடாது. வீட்டுக்குள் நீளமான நடை இருந்தால் அதுவே மேல்.

தோட்டத்தில் சுடுவதானால் மேட்டுப் பக்கம் பார்த்து, சாலைக்கு வெட்டிவிட்ட மண்சரிவு மாதிரி ஒன்றின் முன்னால் குறியை வையுங்கள். பள்ளத்துப் பக்கம் பார்த்துச் சுடவே கூடாது. கீழே காப்பிச் செடிக்குள் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று மேலே இருந்து தெரியாது. பழம் பறிக்கும் மாதங்களில் தோட்டத்துக்குள் சுடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

குண்டைப் பிடிக்கும் பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். ஓரடிக்கு ஓரடி பிளைவுட் பெட்டி, உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு 45 டிகிரி சாய்வாக, மேல் விளிம்பு உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி, அடியில் இரண்டு அங்குலம் மணல். ஈயம் தகட்டில் தட்டையாகி மணலில் விழும். தகட்டை நேராக நிறுத்தினால் சிதறல் திரும்பி வரும், சாய்வுதான் விஷயம். தகடு வெட்டும் பட்டறைக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. அதுவும் வேண்டாம் என்றால் அட்டைப் பெட்டியில் பழைய வார இதழ்களை ஒரு சாண் கனத்துக்கு இறுக்கி அடுக்குங்கள், ஒரே இடத்தில் குழி விழுந்ததும் இதழ்களை மாற்றுங்கள்.

இப்போது துப்பாக்கி. கடைக்காரர் முதலில் சொல்வது வேகம். "ஆயிரம் எஃப்.பி.எஸ். போகும் சார்" என்பார், அதாவது நொடிக்கு ஆயிரம் அடி. ஒரு கணக்கு தெரிந்தால் போதும்: நொடிக்கு எத்தனை மீட்டர் என்பதை அதாலேயே பெருக்கி, குண்டின் எடையை கிராமில் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல். ஏர்சாஃப்டின் 0.20 கிராம் குண்டு 100 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு ஜூல். சாதாரண 8 கிரெயின் ஈயக் குண்டு 0.52 கிராம், அது 200 மீட்டர் வேகத்தில் பத்து ஜூலைத் தாண்டும். ஆயிரம் எஃப்.பி.எஸ். என்பது 305 மீட்டர். அதே குண்டுக்கு 24 ஜூல் வருகிறது, உரிம எல்லைக்கு மேலே. ஆக, லேசான உலோகக் கலவைக் குண்டில் அளந்த எண்ணாக இருக்கும், அல்லது வெறும் விளம்பரம், அல்லது நீங்கள் வாங்கக் கூடாத பொருள். பத்து மீட்டருக்கு 170, 180 மீட்டர் வேகமே தாராளம். வேகம் கூடக் கூட உதைப்பும் சத்தமும் கூடும், புதுக்கைக்குக் குறி குறையும்.

முதல் துப்பாக்கிக்கு என் ஓட்டு ஸ்ப்ரிங் வகைக்குத்தான், குழாயை மடக்கி ஏற்றும் பிரேக் பேரல். மடக்கினால் ஸ்ப்ரிங் சுருங்கி நிற்கும், டிரிகரை அழுத்தினால் அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அழுத்தும் காற்று குண்டை அனுப்பும். கேஸ் வேண்டாம், பம்ப் வேண்டாம், ஆண்டுக் கணக்கில் ஓடும், கெட்டால் ஸ்ப்ரிங்கும் வாஷரும் மாற்றினால் போதும். பிரெசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்புகளே இதற்குப் போதுமானவை. ஸ்ப்ரிங்குக்குப் பதில் அடைத்த வாயுவுள்ள கேஸ் ராம் வகையும் கிடைக்கிறது. உதைப்பு ஒரே வெட்டாக முடியும், ஏற்றியபடி சற்று நேரம் வைத்தாலும் தளராது. ஆனால் கசிந்தால் உள்ளூரில் சரிசெய்ய முடியாது, முழு உருளையையும் மாற்ற வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. குழாயை மடக்கி மூடும்போது 'டக்' என்று இறுக உட்கார வேண்டும். மூடிய பின் குழாயைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிந்தால் வைத்துவிடுங்கள், குறி ஒருநாளும் நிற்காது. பின் சைட்டை (குறி பார்க்கும் பாகம்) திருகும்போது படிப்படியாகச் சொடுக்க வேண்டும், வழுக்கக் கூடாது. நீங்களே மடக்கிப் பாருங்கள். நாலு முறை மடக்கியதும் கை நடுங்கினால் அந்த மாடல் உங்களுக்கில்லை, ஒரு அமர்வில் ஐம்பது அறுபது முறை மடக்க வேண்டிவரும். குண்டு போடாமல் டிரிகரை அழுத்திக் காட்டும் கடைக்காரரிடம் டிஸ்ப்ளே பீஸை வாங்காதீர்கள். குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டனுக்கு முன்னால் காற்றின் தடுப்பு இல்லாமல் அது நேரே போய் மோதி வாஷரை நசுக்கும். பில்லில் துப்பாக்கியின் வரிசை எண்ணும், 20 ஜூலுக்குள் என்ற சான்றும் கட்டாயம். எம்4, ஏகே போன்ற ராணுவத் துப்பாக்கிச் சாயலில் கறுப்பு பிளாஸ்டிக்கில் வருவதைத் தவிர்த்து, தோளில் வைக்கும் கட்டை மரத்தில் இருப்பதை எடுங்கள். மாடியில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்று தெருவில் போகிறவர் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்.

கைத்துப்பாக்கி ஆசை இருந்தால், கடையில் காட்டுவது பெரும்பாலும் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போடும் வகை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு இது ஒத்துவராது. சிலிண்டருக்குள் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 10 டிகிரியில் சுமார் 45 பார் (பார் என்பது அழுத்த அலகு), 20-இல் 57, 30-இல் 72. மார்கழிக் காலையில் ஏற்காட்டில் குண்டு தாழ விழும், அதே துப்பாக்கி சித்திரையில் சேலத்தில் மேலே அடிக்கும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இருக்காது, அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் சிலிண்டரை விட்டுவைப்பது ஆபத்து. விடாமல் படபடவென்று சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து வேகம் இறங்கும் என்பது தனி. இவற்றில் பல பிபி எனப்படும் உருண்டை இரும்புக் குண்டு போடுகிறவை. இரும்பு நசுங்காது, கெட்டியான எதில் பட்டாலும் உங்களை நோக்கித் திரும்பும். ஈயக் குண்டு ரைஃபிளில் அதைப் போட்டால் குண்டைச் சுழற்றிவிடும் குழாயின் உள்வரிகள் தேயும்.

பிசிபி என்ற, உயர் அழுத்தக் காற்றை முன்பே அடைத்துவைக்கும் வகை அருமையானது, உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் 200 பார் காற்றைக் கைப்பம்பில் ஏற்றுவது உடற்பயிற்சி, பம்பே தனிச் செலவு. மழை மாதத்தில் ஏற்காட்டு ஈரக் காற்றை அப்படியே உள்ளே ஏற்றினால் சிலிண்டர் துருப்பிடிக்கும். இரண்டாவது துப்பாக்கியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

குண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து மீட்டருக்குத் தட்டைத் தலைக் குண்டு, 7 முதல் 8 கிரெயின். காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடும், எண்ணிப் பார்க்க வசதி. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். நடுவில் விழுகிறதா என்பது இப்போது முக்கியமில்லை, அதை சைட்டில் சரிசெய்யலாம். நெருக்கம் மட்டும் சைட்டால் வராது. பாவாடைப் பக்கம், அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி ஒதுக்குங்கள், எங்கோ போய் விழுவது அவைதான். குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடவே கூடாது, ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

புதுத் துப்பாக்கி முதல் சில பத்துக் குண்டுகளுக்குப் புகையும், வழக்கத்தைவிடச் சத்தம் போடும். தொழிற்சாலை எண்ணெய் பிஸ்டன் அழுத்தத்தில் எரிகிறது. தானாக அடங்கிவிடும். அடங்காமல் புகைந்துகொண்டே இருந்தால் யாரோ உள்ளே எண்ணெய் விட்டிருக்கிறார்கள். முதல் 200, 300 குண்டு வரை குறியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நூறு குண்டுக்கு ஒருமுறை கட்டையின் திருகாணிகளை இறுக்குங்கள். "நேற்று நன்றாகச் சுட்டது, இன்று கோணல்" என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் இந்தத் திருகாணிதான்.

பிடிக்கும் விதத்தில் எல்லாரும் செய்யும் தவறு இறுக்கிப் பிடிப்பது. ஸ்ப்ரிங் துப்பாக்கியில் குண்டு வாயை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே பிஸ்டன் துப்பாக்கியை ஆட்டிவிடுகிறது. முன் கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து, எடை சமமாகும் இடத்தில் தாங்கினால் போதும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்க வேண்டும். மணல் மூட்டை மேலோ சுவர் மேலோ நேரடியாகச் சாய்த்துச் சுட்டால் குண்டு இடம் மாறும். டிரிகரை அழுத்திய பின்னும் ஒரு நொடி சைட்டிலேயே கண் இருக்கட்டும். குறி அட்டைக்கு ஏர் பிஸ்டல் அட்டையை வாங்குங்கள், அதில் பத்தாம் வட்டம் 11.5 மி.மீ. ரைஃபிள் அட்டையில் அது வெறும் அரை மி.மீ. புள்ளி, ஆரம்பத்தில் மனம் உடைந்துவிடும்.

குண்டு போடும்போது மடக்கிய குழாயை ஒரு கையால் விடாமல் பிடித்திருங்கள். அந்நேரம் டிரிகர் நழுவினால் குழாய் பாய்ந்து மூடும், இடையில் விரல் இருந்தால் விரல் போகும்.

எண்ணெயில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். ஏற்காட்டுக் குளிரில் உறைந்துபோகும், சேலத்து வெயிலில் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெயை மடக்கும் கீலில் ஒரு சொட்டு விட்டு, குழாயின் வெளியே துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். பிஸ்டன் அறைக்குள் எந்த எண்ணெயும் போகக் கூடாது. பழைய தோல் வாஷர் துப்பாக்கிக்கு மட்டும் எப்போதாவது ஓரிரு சொட்டு வேண்டும், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய். பனிமூட்டத்தில் நனைந்த துப்பாக்கியைத் துடைக்காமல் உறையில் போட்டால் காலைக்குள் துரு பூத்திருக்கும்.

தோட்டம் இருப்பதால் இதையும் கேட்பீர்கள்: குரங்கு விரட்டலாமா, புறா அடிக்கலாமா? கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் தேவையில்லாத துப்பாக்கி என்று விலக்குக் கொடுக்கவில்லை. காட்டுமாட்டின் மேல் .177 பட்டால் அது ஓடாது, உங்கள் பக்கம் திரும்பும். காப்புக்காட்டு எல்லைக்குள் துப்பாக்கியோடு கால் வைக்கவே வேண்டாம். சேலத்திலிருந்து மலைக்குக் கொண்டுபோவதானால் ஏற்றாமல், குண்டில்லாமல், உறையில் போட்டுக் காரில் கொண்டுபோங்கள். குண்டு டப்பா வேறு பையில், பில் நகல் உறைக்குள். நாட்டுத் துப்பாக்கிக்காக மலைப்பக்கம் சோதனை போடுகிறவர்களுக்கு உறைக்குள் இருப்பது எது என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

பதினைந்தாயிரத்தை முழுக்கத் துப்பாக்கியில் போடாதீர்கள். பத்து, பதினோராயிரத்துக்குள் ஸ்ப்ரிங் ரைஃபிள். மீதியில் பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு ஜோடி (பக்கத்தில் நிற்பவருக்கும் ஒன்று), குண்டு டப்பாக்கள், அட்டை, பெட்டி, உறை. ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி) இப்போது வேண்டாம். ஸ்ப்ரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், மலிவு ஸ்கோப்பின் உட்பாகங்கள் அதில் கழன்றுவிடும். சாதாரண ஸ்கோப்பில் பத்து மீட்டர் அட்டை மங்கலாகத்தான் தெரியும். சொந்தச் சைட்டில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழ ஆரம்பித்த பிறகு, பத்து மீட்டருக்குத் தெளிவு திருப்பக்கூடிய, ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கென்றே செய்த ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குங்கள்.