பிள்ளை தர்மசாலாவில்தான் இருக்கிறாளா? அதை முதலில் கேளுங்கள்

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை. இமாசலப் பிரதேசம் தர்மசாலாவில் உள்ள திபெத்தியக் குழந்தைகள் கிராமத்தில் படிக்கும் ஒரு சிறுமிக்கு ஆறு வருடமாகப் பணம் அனுப்பி வருகிறேன். அக்டோபரில் நேரில் போய்ப் பார்க்க ஆசை. அங்கே போகச் சிறப்பு அனுமதி கட்டாயம், வாங்கித் தர 600 வெள்ளி ஆகும் என்கிறார் ஏஜென்ட். என் கணவரிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது) இருப்பதால் அவருக்கு எதுவும் தேவையில்லையாம். சரியா?

பதில்: இரண்டுமே அரைகுறைத் தகவல். 600 வெள்ளியை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா.

தர்மசாலாவுக்கு எந்தச் சிறப்பு அனுமதியும் வேண்டாம். உங்களுக்குச் சுற்றுலா இ-விசா போதும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அரசுத் தளம் போலவே வேடம் போட்ட தனியார் கடைகள். அதே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று மடங்கு கறந்துவிடுவார்கள். உண்மையான தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும்.

அனுமதிக் கதை எங்கிருந்து வந்தது? கர்நாடகத்தில் மைசூரு மாவட்டத்தில் இருக்கும் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பேயிலிருந்து. அங்கும் இதே அமைப்புக்குப் பள்ளி உண்டு. அந்தக் குடியிருப்பில் வெளிநாட்டவர் தங்குவதற்கு இந்திய உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இணையத்தில் விசா கொடுக்கும் அரசுக்கு இந்த ஒரு தாளை வேகமாகக் கொடுக்க ஏன் முடியவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதனால்தான் கேட்கிறேன்: பிள்ளை இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறாள்? மேல் வகுப்பு வந்ததும் பலரை வேறு கிளைக்கு மாற்றுவார்கள். என்னிடம் வந்த ஒருவர் தர்மசாலாவுக்குப் போய் இறங்கிவிட்டார். பிள்ளையோ பீர் பக்கம் சுஜா பள்ளியில். அதுவும் இமாசலம்தான் என்பதால் ஒரு டாக்சியோடு தப்பினார். பைலகுப்பேயாக இருந்திருந்தால்? கடைசியாக வந்த கடிதத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள். அப்புறம் கிராமத்தின் ஸ்பான்சர்ஷிப் அலுவலகத்துக்கு எழுதி, வரும் தேதியையும் பிள்ளையின் பதிவு எண்ணையும் சொல்லி, பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

இனி உங்கள் கணவர். ஓசிஐ அட்டை இருந்தால் விசா வேண்டாம், அது சரி. ஆனால் பைலகுப்பே மாதிரி, வெளிநாட்டவருக்கு அனுமதி தேவைப்படும் ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்று வந்துவிட்டால் ஓசிஐக்காரரும் அனுமதி வாங்கத்தான் வேண்டும். 2021-இல் வந்த அறிவிக்கையே அப்படிச் சொல்கிறது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், பக்கத்து ஊரில் சொந்த வீடே இருந்தாலும், கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் பைலகுப்பேயில் தங்க அந்தத் தாள் வேண்டும். அட்டையில் ‘இந்தியா’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. தர்மசாலா மட்டும் போவதென்றால் இந்தப் பேச்சே இல்லை.

பணத்தில் இன்னும் உஷாராக இருங்கள். ‘பிள்ளைக்கு அவசரச் செலவு, என் கணக்கில் போடுங்கள்’ என்று யார் கேட்டாலும், அவர் அந்த ஊர்க்காரராகவே இருந்தாலும், போடாதீர்கள். அமைப்புகளுக்கு வரும் வெளிநாட்டு நன்கொடை 2021 ஏப்ரல் முதல் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அக்டோபர் நல்ல மாதம். குளிர்கால விடுமுறையில் போனால் பிள்ளைகள் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கிராமம் மெக்லியோட் கஞ்சுக்கு மேலே, டால் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1960-இல் ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து வந்த 51 திபெத்திய அகதிக் குழந்தைகளோடு தொடங்கிய இடம். ஒவ்வொரு வீட்டையும் ‘ஆமா-லா’ என்று அழைக்கப்படும் ஒரு தாய் நடத்துவார். நான் போன வீட்டில் ஒரு பையன் கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தான். ஸ்பான்சர் எழுதிய கடிதங்களை ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருந்தான். சுற்றி இருபது பேர் எட்டிப் பார்த்தார்கள். அதனால் ஒருத்திக்கு மட்டும் விலையுயர்ந்த போன் வேண்டாம். வீட்டில் எல்லாரும் பகிர்கிற மாதிரி பந்து, கலர் பென்சில், இனிப்பு வாங்கிப் போங்கள்.

ஏஜென்ட் மறுபடி அழைத்தால் அது எந்த அனுமதி, எந்த ஊருக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.