கடனை ‘உதவி’ என்று சொல்லலாமா?

கேள்வி: 2022-இல் இலங்கைக்கு இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி செய்ததாக டி.வி. செய்தியில் கேட்டேன். அதை அவர்கள் திருப்பிக் கட்டவேண்டும் என்கிறான் என் மகன். செய்த உதவியை யாராவது திருப்பிக் கேட்பார்களா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி அம்மா. உங்களைக் குழப்பியது எங்களைப் போன்றவர்கள். இருபது வருஷத்துக்கு மேல் டி.வி. செய்திப் பிரிவில் உட்கார்ந்து, ஏஜென்சி அனுப்பும் செய்திகளைத் தமிழில் எழுதியவள் நான்.

அந்த 400 கோடியில் பெரும்பகுதி கடன், அல்லது கட்டவேண்டிய பாக்கியைத் தள்ளிவைத்துக் கொடுத்த அவகாசம். பிப்ரவரியில் பெட்ரோல், டீசல் வாங்க 50 கோடி டாலர். மார்ச்சில் உணவு, மருந்து வாங்க 100 கோடி டாலர். மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான் இது. ரொக்கம் இலங்கையின் கைக்குப் போகாது. சரக்கு விற்றவருக்கு இந்திய வங்கி பணம் கொடுத்துவிடும். வட்டியும் முதலுமாக அந்த வங்கிக்கு இலங்கை பிறகு அடைக்கவேண்டும்.

அந்த மார்ச் மாதச் செய்தியை எழுதியது நான்தான். ‘இலங்கைக்கு இந்தியா 100 கோடி டாலர் கடன்’ என்று அடித்தேன். ஷிப்ட் பொறுப்பில் இருந்தவர் ‘கடன்’ என்பதை அழித்துவிட்டு ‘நிதியுதவி’ என்று போட்டார். “கடன்னா என்னவோ வட்டிக்கு விட்ட மாதிரி இருக்கும்மா” என்றார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஏழு மணி புல்லட்டினுக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை, நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஏனென்றால், இரண்டே மாதத்தில், மே 18 அன்று, சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் கிளம்பியது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்துகள். தமிழ்நாடு அரசு தருவதாகச் சொன்ன 40,000 டன் அரிசியில் முதல் பங்கு அது. வட்டியும் இல்லை, திருப்பிக் கேட்கிற பேச்சும் இல்லை. கொடை என்றால் அதுதான் கொடை. அதைச் சொல்ல எங்களிடம் மிச்சமிருந்த சொல் எது? அதே ‘உதவி’. மார்ச்சிலேயே அதைச் செலவழித்துவிட்டோம். கடனும் கொடையும் ஒன்றாகக் கலந்து காதில் விழுந்ததால், “இவ்வளவு கொடுத்தோமே, நன்றி இருக்கிறதா?” என்று டீக்கடையில் பேசுகிறார்கள். வாங்கியதை வட்டியோடு அடைக்கிறவனைப் பார்த்து அப்படிக் கேட்பது நியாயமா?

‘கடனுதவி’ என்றும் ஒரு சொல் ஓடுகிறது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தமிழில் கூட்டுச்சொல்லின் கடைசிப் பகுதிதான் காதில் நிற்கும். ‘கடன்’ கரைந்துபோய் ‘உதவி’ தங்கிவிடும். கூடவே ‘உதவிக்கரம் நீட்டியது’, ‘வாரி வழங்கியது’ என்று வினைச்சொல்லும் சேர்ந்தால், யார் எப்போது எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்கவே யாருக்கும் தோன்றாது. எழுதுகிறவருக்கே தோன்றுவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: அப்படியானால் எங்கள் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு ‘ஜப்பான் நிதியுதவி’ என்றார்களே, அதுவும் கடன்தானா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கடன்தான். ஜைக்கா என்கிற ஜப்பான் அரசு நிறுவனத்தின் கடன். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்குப் பெரும்பங்கு பணம் வந்ததும் அதே இடத்திலிருந்து, கடனாகத்தான். வட்டி குறைவு, தவணைக் காலம் நீளம். ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பேறிய உங்கள் மாவட்டத்துக்கு அந்தக் கடனை வாங்கியது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை அடைப்பது நம் வரிப்பணம். குழாயில் வரும் தண்ணீருக்கு நீங்களும் பணம் கட்டுகிறீர்கள் ஐயா. அதைச் செய்தியில் சொல்லியிருக்க வேண்டும்.