ஸ்விஃப்ட்: ஏற்காடு வளைவில் பின்சக்கரம் உரசுவது

உயரத்தை 40 மி.மீ. இறக்கின ஸ்விஃப்ட்டில் 205/55 ஆர்16 டயர் போட்டு, நாலு பேரோட ஏற்காடு ஏறும்போது பின்சக்கரம் உரசுதுன்னா, முதல்ல டயரை 195/55 ஆர்16-க்கு மாத்துங்க. அதன் வெளிவிட்டம் 621 மி.மீ.; கம்பெனி 185/65 ஆர்15-ம் கிட்டத்தட்ட அதேதான். உங்களோடது 632.

டயர் மட்டுமே காரணமா இருக்காது. ரிம்மின் உள்பக்கம் ‘ஈடி’ன்னு (ET) ஒரு எண் பொறிச்சிருக்கும்; அதுதான் ஆஃப்செட், சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி நிக்கும்னு சொல்ற அளவு. அது பழைய ரிம்மை விட 5 குறைவுன்னா, சக்கரம் 5 மி.மீ. வெளியே தள்ளி நிக்கும். பலரும் கோட்டை விடுறது இங்கதான்.

ஃபெண்டர் (சக்கரத்தைச் சுத்தியுள்ள மட்கார்டு) உள்மடிப்பிலும், சக்கரத்துக்கு மேலே இருக்கிற உள் உறையான லைனரிலும் சாக்பீஸ் தடவி, அதே நாலு பேரோட அடிவாரத்திலிருந்து மூணு கொண்டை ஊசி வளைவு மெதுவா ஏறி இறங்குங்க. மடிப்பில் சாக் அழிஞ்சா ஆஃப்செட் கோளாறு. லைனரில் அழிஞ்சா இறக்கம் அதிகம், 25 மி.மீ. மட்டும் இறக்குற ஸ்பிரிங் போதும்.

ஸ்பிரிங்கை அறுத்து இறக்கியிருந்தா தயவுசெஞ்சு அந்த வண்டியில மலை ஏறாதீங்க. வளைவில் உள்பக்கச் சக்கரம் தொங்கும்போது, அறுத்த ஸ்பிரிங் அது உட்கார்ந்திருக்கிற இடத்தை விட்டு நழுவலாம். எது மாத்தினாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிஞ்சதும் அலைன்மெண்ட் பாருங்க. இந்த மாற்றங்களைப் பத்தி இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் முன்கூட்டியே கேட்டுக்கோங்க.