பாஸ்போர்ட் முதலாளி கையில்: என் வீட்டுக்காரர் யாரிடம் போவார்?

கேள்வி: என் வீட்டுக்காரர் வெல்டர். ஏஜென்ட்டுக்கு எட்டு லட்சம் கட்டி எச்-2பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்கா போனார். போய் இறங்கியதுமே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். தங்குமிடம், சாப்பாடு என்று சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கிறார்கள். வேலையை விட்டால் போலீஸில் பிடித்துக் கொடுப்போம் என்கிறார்கள். இப்போது விசாவும் முடிந்துவிட்டது. ஏஜென்ட்டின் ஆள் இங்கே வீட்டுக்கே வந்து மிரட்டுகிறான். கடனை வாங்கியாவது டிக்கெட் போட்டு வரவழைத்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: சகோதரி, டிக்கெட் மட்டும் இப்போதைக்குப் போடாதீர்கள். அவர் அமெரிக்க மண்ணில் இருக்கும்வரை கேட்கக்கூடிய டி விசா என்ற பாதுகாப்பு, விமானம் ஏறிவிட்டால் பெரும்பாலும் கைநழுவிவிடும். முதலில் அவர் ஒரு வக்கீலிடம் பேசட்டும்.

விசா முடிந்ததால் தான்தான் குற்றவாளி என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். தொழிலாளர்களுக்கும் வக்கீல்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் வேலை. முதல் நாளில் யாரும் புகார் சொல்வதே இல்லை. "முதலாளி நல்லவர்தான்மா, வாடகைதான் கொஞ்சம் அதிகமா பிடிக்கிறார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டால் பதில் வராது, தலை குனிந்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு வயிறு எரியும். ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதற்காக அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது அங்கே ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கும் குற்றம். நாடு கடத்திவிடுவோம் என்று பயமுறுத்தி வேலை வாங்குவதும் குற்றம்தான்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்ததுதான் டி விசா. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கிடைத்தால் நான்கு வருடம் சட்டப்படி தங்கலாம், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம். மூன்று வருடம் கழித்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். மனைவி, பிள்ளைகளுக்கும் கேட்கலாம். நீங்கள் சிவகங்கையில் இருப்பது அதற்குத் தடையில்லை. பதிலுக்கு, விசாரணை அதிகாரிகள் நியாயமாகக் கேட்கும் ஒத்துழைப்பை அவர் தர வேண்டும். முதலாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் விசா என்பதில்லை. முதலாளி தரப்பு சொல்வதை மட்டும் வைத்து மனுவை நிராகரிக்கவும் குடிவரவுத் துறைக்கு அதிகாரம் இல்லை.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் சட்டம் இல்லை. 2005-இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பிறகு மிசிசிப்பி, டெக்சாஸ் கடற்கரையில் இருந்த சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் இதே எச்-2பி விசாவில் கொண்டுபோனது. கிரீன் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்லி ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கறந்திருந்தார்கள். ஒரே டிரெய்லரில் 24 பேர் வரை அடைத்துவிட்டு, அதற்கு மாதம் 1,050 டாலர் பிடித்தார்கள். 2008-இல் அவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தார்கள். 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தின் ஜூரி (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு) ஐந்து பேருக்கு மட்டும் சுமார் 1.4 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தொழிலாளர்களில் பலர் டி விசா பெற்றுக் குடும்பத்தோடு அங்கே இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனு தள்ளுபடியானால் நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். அதனால் தெரிந்தவர், ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பவர் என்று யாரிடமும் போக வேண்டாம். 1-888-373-7888 என்ற அமெரிக்காவின் தேசிய ஆள்கடத்தல் உதவி எண்ணை அவர் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது. "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். இலவச வக்கீல் எங்கே கிடைப்பார் என்று விசாரிக்கட்டும். கம்பெனி கொடுத்த போனிலிருந்து மட்டும் பேச வேண்டாம். அடிதடி, உயிர் பயம் என்றால் யோசிக்காமல் அங்கத்திய அவசர எண் 911-ஐக் கூப்பிடட்டும்.

இனி உங்கள் பங்கு. ஏஜென்ட்டுக்குப் பணம் போட்ட வங்கி ரசீது, அடகுச் சீட்டு, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். மிரட்ட வந்தவன் எந்தத் தேதியில் வந்தான், என்ன சொன்னான் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் தப்பித்ததாலோ சாட்சி சொன்னதாலோ ஊரில் குடும்பத்துக்கு ஆபத்து என்று காட்ட முடிந்தால், அவருடைய அப்பா அம்மாவுக்கும் 18 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத தம்பி தங்கைக்கும்கூட டி விசா கேட்க வழி இருக்கிறது. அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று சென்னையில் உள்ள மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். எட்டு லட்சத்துக்கு அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும்.