ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 5 மாதம் ஆகிறது, வலி இல்லை. இந்த சீசன் செவன்ஸ் ஆட இறங்கலாமா?

இறங்காதே தம்பி.

மலப்புறம் பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆடித்தான் பிழைப்பு, வலது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கும் ஏசிஎல் என்ற நார் போய் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம், வலி துளியும் இல்லை, நேராக ஓட முடிகிறது, மானேஜர் தினமும் போன் போடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். நம் குமரிக் கரைக்காரப் பிள்ளை என்பதால் நீ என்றே எழுதுகிறேன். நானும் வள்ளவிளை மணலில் பந்து தட்டிப் பழகி, கேரளத்தில் ஒரு கிளப்பில் ஒப்பந்தத்தில் ஆடி, அதே நாரையும் கூடவே முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸையும் கிழித்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கும் மேலாக வெளியே இருந்து, திரும்ப வந்து ஆடியவன்.

வலி இல்லை என்பதைத்தான் நீ பெரிதாகச் சொல்கிறாய், எனக்கு அதில்தான் பயம். அறுந்த நாரை அப்படியே தைத்துவிட்டார்கள் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, உள்ளே கோத்து இறுக்கி வைக்கிறார்கள். வைத்த அன்றைக்கு அது பலமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அதிலிருக்கும் பழைய செல்கள் செத்து, புது ரத்தக் குழாய்கள் உள்ளே போய், உன் உடம்பு அதை மெல்ல மெல்லத் தன் நாராக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தின் நடுவே, முதல் சில மாதங்களில், வைத்த அன்று இருந்ததைவிட அது பலம் குறைந்துபோகும். அந்தச் சமயம் பார்த்துத்தான் வீக்கம் வடிந்து, வலி போய், கால் நன்றாகிவிட்டது என்று நமக்குத் தோன்றும். நட்டுவைத்த தென்னம்பிள்ளை பச்சையாக நிற்கிறது என்பதற்காக வேர் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

2016-இல் வெளிவந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வைப் பற்றி என் பிசியோ சொன்னார். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போட, மறுபடியும் முட்டி போகும் வாய்ப்பு மாதத்துக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாம். நீ ஐந்தில் நிற்கிறாய். என்னோடு ஆடிய ஒருவர் ஆறாவது மாதம் இறங்கி, யாரும் தொடாமலே, திரும்பும்போது அதே முட்டியை மறுபடி கிழித்துக்கொண்டார். அதோடு அவர் ஆட்டமே முடிந்தது.

சரி, காலண்டர் மட்டும் போதுமா என்றால் போதாது. ஒன்பது மாதம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பத்தாவது மாதம் போனாலும் கிழியும். எல்லாம் தொடையில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த வாரம் பிசியோ என்னைத் தொடையை இறுக்கச் சொன்னார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறேன், தசை ஒரு சின்னத் துடிப்புகூடக் காட்டவில்லை. முட்டிக்குள் வீக்கம் இருந்தால் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுமாம். முதலில் முட்டியை முழுசாக நீட்ட வைத்தார்கள். குதிகாலுக்கு அடியில் துவர்த்தை, அதாவது துண்டை, சுருட்டி வைத்து, முட்டியின் பின்பக்கம் கட்டிலில் படும்வரை அழுத்த வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்புறம்தான் மடக்குவது, படி ஏறுவது, பளு தூக்குவது எல்லாம்.

என் அக்கா தையல்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டேப்பை எடுத்து, முட்டிச்சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பேனாவால் கோடு போட்டு, இரண்டு தொடையையும் அளந்து காலண்டர் ஓரத்தில் எழுதி வைப்பாள். நடையில் ஒரு வித்தியாசமும் தெரியாத காலத்திலும் அந்த டேப்பில் வித்தியாசம் தெரிந்தது. நீயும் அளந்து பார். ஆனால் சுற்றளவை மட்டும் நம்பிவிடாதே, பலத்தை மெஷினில் பார்க்க வேண்டும். அடிபட்ட கால் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தனை மாதம் ஆடாததால் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்கி என்ன பயன்? ஒற்றைக் காலில் தாண்டும் டெஸ்ட்டும் அப்படித்தான். இடுப்பையும் கணுக்காலையும் வைத்து ஒப்பேற்றித் தூரத்தைக் காட்டிவிடலாம், முட்டி அந்தப் பாரத்தை வாங்கியே இருக்காது. போனில் வீடியோ எடுத்து, தரையில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்.

நேராக ஓடுகிறேன் என்கிறாய். நேராக ஓடும்போது ஏசிஎல்லுக்குப் பெரிய வேலை கிடையாது. சட்டென்று நிற்பதும், காலை ஊன்றித் திரும்புவதும், குதித்து இறங்குவதும்தான் அதன் வேலை. செவன்ஸிலோ மைதானம் சின்னது, தரை கெட்டி, பந்து கிடைத்த மறுநொடி ஒருவன் மேலே வந்து விழுவான், அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஊரில் மேட்ச் இருக்கும். திரும்பி வருகிறவனுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

நம் கரையில் ஓடிப் பழகலாமே என்று தோன்றும். கடற்கரை கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், முட்டி கோணலாகவே பாரம் வாங்கும். நான் பள்ளி மைதானத்தில்தான் ஓடினேன். காயம் ஆறியதும் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன், அது நல்லது. எண்ணெய் போட்டுத் தடவும் விஷயத்தில், நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசான் கைமேல் எனக்கு மரியாதை உண்டு, எங்கள் வீட்டில் எல்லோரும் அவரிடம் போகிறவர்கள்தான். ஆனால் நார் மாற்றிய முட்டியை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்காமல் யாரிடமும் திருகக் கொடுக்காதே.

பெரிய வீரர்கள் சீக்கிரம் வந்துவிடுகிறார்களே என்கிறாய். லிவர்பூல் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் வான் டைக்குக்கு 2020 அக்டோபரில் எவர்ட்டனோடு ஆடும்போது முட்டி போனது. அடுத்த கோடையில் யூரோ கோப்பை இருந்தும், நெதர்லாந்தின் கேப்டனாக இருந்தும், போகவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஆகஸ்டில் லீக் தொடங்கும்போதுதான் போட்டி ஆட்டத்தில் இறங்கினார். நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜுக்கு 2020 நவம்பரில், ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் முதல் மேட்ச்சிலேயே, ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அடிபட்டது. கரை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ராத்திரி அது, எனக்கு இன்றும் வயிறு கலங்கும். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

இன்னொன்று பயம். பிராக்டிஸில் பந்து என் பக்கம் வரும், மனசு போகச் சொல்லும், அந்தக் காலை ஊன்ற வேண்டிய இடத்தில் உடம்பு தானாகச் சுற்றிப்போகும். இது மாதக்கணக்கில் இருந்தது. கோச்சிடம் சொன்ன பிறகு, முதலில் ஆள் இல்லாமல், பிறகு எதிரில் ஒருவரை மெதுவாக வரவைத்து, அப்புறம் முழு வேகத்தில் என்று பழக்கினார். பயம் இருந்தால் வெளியே சொல், அது கோழைத்தனம் இல்லை.

காசுதான் உன் உண்மையான பிரச்சினை என்று தெரியும். மேட்ச் ஆடினால்தான் செவன்ஸில் பணம், உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை, அண்ணன் போட்டில் போய்க் கொண்டுவருவதில் சாப்பிடுவது எவ்வளவு கனம் என்பதும் தெரியும். ஆனால் இன்னொரு ஆபரேஷன் என்றால் செலவும் உன்னுடையது, போவது இன்னும் ஒரு வருடம். மானேஜரிடம் இந்த சீசன் இல்லை என்று இப்போதே சொல்லிவிடு, பார்ப்போம் என்று இழுக்காதே, இழுத்தால் பாதி சீசனில் ஆள் குறையும்போது உன்னைத்தான் கூப்பிடுவார். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடு, முடிந்தால் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏஐஎஃப்எஃப்) நடத்தும் பயிற்சியாளர்களுக்கான டி லைசென்ஸ் கோர்ஸ் பற்றி விசாரி.

பிசியோவிடம் அடுத்த முறை போகும்போது ஆபரேஷன் நோட்டைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோ. எந்த நாரை எடுத்தார்கள், மெனிஸ்கஸைத் தைத்தார்களா வெட்டினார்களா என்று அதில் இருக்கும். தைத்திருந்தால் ஆழமாகக் குந்தி எழுவது எப்போது, பின்தொடை நாரை எடுத்திருந்தால் ஸ்பிரிண்ட் எப்போது என்று கேள். இரண்டுக்கும் கணக்கு வேறு.